புல்லும் மணலும் – 9: ஒரு வரப்பு போதும்

சென்ற வாரம் ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் நின்றோம். அங்கே கோல்ஃப் மைதானம் அமைப்பவரின் பாதி வேலையை நிலமே செய்துவிடுகிறது. மேடோ ஓடையோ இல்லாத தட்டை நிலத்தில் கோல்ஃப் மைதானம் அமைப்பவர் என்ன செய்வார்? ஆட்டக்காரரை முடிவெடுக்க வைப்பார், அவ்வளவுதான். லிவர்பூல் அருகே ஹாய்லேக்கில் 1869-இல் தொடங்கிய ராயல் லிவர்பூல் மைதானம் இதற்குச் சாட்சி. அது அன்று குதிரைப் பந்தயத் திடல். தொடக்க ஆண்டுகளில் குதிரைகளும் கோல்ஃப் ஆடுபவர்களும் அதே புல்லைப் பகிர்ந்துகொண்டார்கள். முதல் குழிக்குக் 'கோர்ஸ்', கடைசிக் குழிக்கு 'ஸ்டாண்ட்' என்று இன்றும் வழங்கும் பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். குதிரை ஓடிய நிலம் எவ்வளவு சமதளம் என்று சொல்லவா வேண்டும்!

அந்த முதல் குழிக்கு உயிர் கொடுப்பது ஒரு வரப்பு. நம் வயல் வரப்பைப் போலப் புல் மூடிய, முழங்கால் உயர மண்திட்டு. 400 கெஜத்துக்கு மேல் நீளும் ஆட்டப்பாதை வலப்பக்கம் வளைகிறது; அந்த வளைவுக்குள் இருக்கும் பயிற்சித் திடலைச் சுற்றி வரப்பு ஓடுகிறது. அதற்கு அப்பால் விழுந்த பந்து எல்லை தாண்டியது: ஒரு அடி தண்டனை, மறுபடி பழைய இடத்திலிருந்தே ஆட வேண்டும். வரப்பை ஒட்டி அடித்தால், கொடி நிற்கும் கிரீனுக்குத் தூரம் குறையும். பயந்து இடப்பக்கம் ஒதுங்கினால் இரண்டாவது அடி நீளும், அப்போதும் வரப்பு வலப்புறம் கிரீன்வரை கூடவே வரும். ஒரு திட்டு இரண்டு அடிகளையும் ஆள்கிறது. இந்த வாரம் முழுக்க என் மனத்தை விட்டு அகலாத விஷயம் இதுதான்.

மைதானத்துக்குள்ளேயே எல்லை வகுப்பது செயற்கை என்பார்கள். இயற்கையா செயற்கையா என்பதைவிட, தப்பிக்க வழி இருக்கிறதா, அந்த வழிக்கு விலை உண்டா என்பதே முக்கியம். ஃப்ளோரிடாவில் சதுப்பு நிலத்தைத் திருத்தி 1980-இல் திறந்த சாக்ராஸில், 17-ஆவது குழியைச் சுற்றி நல்ல மணல் கிடைத்ததால் வடிவமைப்பாளர் பீட் டை தோண்டிக்கொண்டே போனார். மிஞ்சிய பள்ளத்தில் தண்ணீரை விட்டுத் தீவாக்கும் யோசனை அவர் மனைவி ஆலிஸுடையது. உலகப் புகழ் பெற்ற குழிதான். ஆனால் அங்கே தீவை எட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஹாய்லேக்கின் வரப்பு சாமானிய ஆட்டக்காரருக்கும் வழி விடுகிறது. என் ஓட்டு வரப்புக்கே.

இன்றைய நீண்ட அடிகளுக்கு முன் இதெல்லாம் எடுபடுமா என்ற கேள்வி வலுவானது. ஆனால் எல்லைக்கோடு வளைவைத் தொடர்ந்து கிரீன்வரை போவதால், மூலையைத் தாண்டியும் ஆபத்து தீராது. 2006 ஓப்பனில் இதே மைதானத்தில் டைகர் உட்ஸ் நான்கு நாள் ஆட்டத்தில் ஒரே ஒருமுறைதான் நீண்ட அடிக்கான டிரைவர் மட்டையை எடுத்தார், கோப்பையும் வென்றார். வெயிலில் காய்ந்து இறுகிய தரை அதற்கு ஒரு காரணம். பங்கர்கள் என்னும் மணற்பள்ளங்கள் இருந்த இடம் இன்னொன்று. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தின் ஆறாவது குழியும் தட்டை நிலம்தான். இடப்பக்கம் வேலி, பாதை நடுவே பங்கர்கள், இரண்டுக்கும் இடையே 1953 ஓப்பன் வெற்றியாளர் பென் ஹோகனின் பெயர் தாங்கிய குறுகிய சந்து. கிரீனின் சரிவு தட்டை நிலத்தை எப்படி மாற்றுகிறது என்பதைச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. நார்த் பெரிக்கின் 'ரெடான்' குழியிலிருந்து அதை அடுத்த வாரம் தொடங்கலாம்.