‘போதும்பா சாமி!’ - மீன் எப்போது முயற்சியைக் கைவிடுகிறது?

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஜீப்ரா மீனைத் தெரியாமல் இருக்காது. நீல வரிகளோடு ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கங்கைப் படுகையின் ஓடைகளும் வயல்களும்தான் பூர்வீகம். மூளை ஆய்வுக்கூடங்களில் இதற்கு ராஜ மரியாதை. காரணம், பிறந்து ஒரு வாரமான குஞ்சு கண்ணாடிபோல இருக்கும். வேலை செய்யும் செல்கள் ஒளிரும்படி மரபணுவை மாற்றிவிட்டால், மண்டையைத் திறக்காமலே மொத்த மூளையையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். சுமார் ஒரு லட்சம் நியூரான்கள்தான். நமக்கோ 8,600 கோடி!

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஜனேலியா ஆய்வு மையத்தில், மிஷா ஆரன்ஸ் குழுவினர் இந்தக் குஞ்சை ஒருவித வீடியோ கேமில் இறக்கினார்கள். தசைகள் அசையாதபடி மருந்து கொடுத்துவிட்டு, கீழே கோடுகளை நகரவிட்டார்கள். ‘ஐயோ, தண்ணீர் இழுக்கிறதே’ என்று மீனின் மூளை ‘நீந்து’ எனக் கட்டளையிடும். அந்த நரம்பு சிக்னலைப் படித்து, கம்ப்யூட்டர் காட்சியை நகர்த்தும். நிஜமாகவே நீந்தி முன்னேறியதுபோல மீனுக்குத் தோன்றும்.

பிறகுதான் வம்பு. எவ்வளவு முயன்றாலும் காட்சி மாறாதபடி செய்தார்கள். மீன் முதலில் இன்னும் வேகமாக முயன்றது. கொஞ்ச நேரத்தில் ‘போதும்பா சாமி’ என்று ஓய்ந்துவிட்டது. களைப்பு என்று சொல்ல முடியாது. தசையே வேலை செய்யவில்லையே!

2019-ல் ‘செல்’ ஆய்விதழில் வந்த விடை இது. முயற்சி வீணாகும்போதெல்லாம், பின்மூளையில் சில நியூரான்கள் நார்-அட்ரினலினைச் சுரக்கின்றன. அதை வாங்கிக்கொள்வது ஆஸ்ட்ரோசைட் என்ற கிளையா செல். கிளையா என்றால் கிரேக்கத்தில் பசை. நியூரான்களைத் தாங்கும் வெறும் பசை என்றே இவற்றை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பசைதான் இங்கே தோல்விக் கணக்கை வைத்திருக்கிறது! சொட்டுச் சொட்டாகக் குடம் நிறைவதுபோல அதற்குள் கால்சியம் ஏறுகிறது. நிரம்பியதும், நீச்சலை நிறுத்தும் நியூரான்களை உசுப்பிவிடுகிறது. இந்தச் செல்களைச் செயலிழக்கச் செய்தபோது, மீன் விடாமல் முயன்றது.

2025-ல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். கெட்டமின் ஒரு மயக்க மருந்து. மன அழுத்த சிகிச்சையிலும் மருத்துவர் மேற்பார்வையில் தரப்படுகிறது. அதை மீன்களுக்குச் சிறிது நேரம் கொடுத்து நிறுத்தினார்கள். மருந்து நீங்கிய பிறகும் அவை சீக்கிரம் ஓய்ந்துவிடவில்லை. அதே ஆஸ்ட்ரோசைட்கள் வீண் முயற்சிக்கு முன்போலத் துள்ளவில்லை. மீனின் ஓய்வும் மனிதரின் மன அழுத்தமும் ஒன்றல்லதான். ஆனாலும், கெட்டமின் எப்படி வேலை செய்கிறது என்ற தேடலில் நியூரான்களுக்குப் பக்கத்தில் இப்போது பசைக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.