தடவி வர, மறையும்: பதின்பருவப் பெண்களுக்கான இதழ் அறிவுரைகள் - கொல்லிமலையிலிருந்து ஒரு மீள்நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் மகளிர் இதழ்கள் பதின்பருவப் பெண்களுக்கு வழங்கிய அழகுக் குறிப்புகளும் நடத்தைக் குறிப்புகளும் இன்று படிக்குங்கால் நகைப்பை விளைவிக்கின்றன. அவற்றுள் எது பொய், எது மெய் எனப் பிரிப்பது எளிது. அவை எத்தகைய தொடரமைப்பில் சொல்லப்பட்டன, அத்தொடரமைப்பு பிழையின் பொறுப்பை யார்மீது சுமத்தியது என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள். கொல்லிமலை விடுதியொன்றில் எழுதப்பட்ட குறிப்பேடு முதன்மைத் தரவாகவும், அறப்பளீசுர சதகமும் கொல்லிப்பாவை குறித்த சங்கப் பாடலும் ஒப்பீட்டுத் தரவுகளாகவும் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மகளிர் இதழியல், அறிவுரை இலக்கியம், சதகம், மாமை, பசலை, கொல்லிமலை

தரவு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வந்துசேரும் பொருள்களுள் பழைய இதழ்க் கட்டுகளும் உண்டு. மளிகைக் கடைகளில் பொட்டலம் மடிக்க வாங்கப்பட்ட அக்கட்டுகளிலிருந்து பக்கங்களைக் கேட்டு வாங்கி வந்து, உண்டு உறைவிடப் பள்ளியின் மாணவியர் சிலர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் வெட்டி ஒட்டியும் பார்த்து எழுதியும் வைத்தனர். 2011ஆம் ஆண்டு முதல் நான்காண்டுகள் அந்நோட்டு எழுதப்பட்டது. எழுதியோருள் இக்கட்டுரையாளரும் ஒருவர். தன்னையே தரவாக்கிக்கொள்ளும் ஆய்வில் படர்க்கைக்குள் ஒளிந்துகொள்வது நேர்மையன்று என்பதால், இனித் தேவையான இடங்களில் தன்மையிலேயே எழுதுகிறேன்.

நோட்டில் உள்ளவை பெரும்பாலும் தலைப்பும் இதழ்ப்பெயரும் இழந்த துண்டுகள். வட்ட முகத்திற்கு நீளப் பொட்டு, நீள முகத்திற்கு வட்டப் பொட்டு என்றது ஒரு துண்டு. எம் முகம் எவ்வடிவம் என அறியாமல் நூல்கொண்டு நெற்றியையும் தாடையையும் அளந்தோம். ஒருத்தியின் முகம் காலையில் வட்டமாகவும் மாலையில் நீள்வட்டமாகவும் வந்தது. விரும்பும் நிறத்தைக் கொண்டு குணம் கூறும் வினாநிரல் ஒன்றும் உண்டு. அதில் ‘எப்போதாவது’ என்ற விடையையே நாங்கள் எல்லாரும் தேர்ந்தெடுத்ததால் எல்லாரும் ஒரே குணத்தினராக முடிந்தோம். வெள்ளரிச் சாற்றைப் பனிக்கட்டியாக உறையவைத்துக் கண்களின்மேல் ஒற்றச் சொன்னது இன்னொரு துண்டு. விடுதியில் குளிர்பெட்டி கிடையாது. நாளொன்றுக்கு எட்டுக் குவளை நீர் பருகச் சொன்னது மற்றொன்று. இரவில் கழிப்பறைக்குச் செல்ல அஞ்சி மாலைக்குப் பின் நீர் அருந்துவதையே தவிர்த்து வந்த மாணவியர் அதனைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தனர்.

தனி இதழ் இல்லாமை

பிரிட்டனில் 1964 முதல் 1993 வரை வெளிவந்த ‘ஜாக்கி’ பதின்பருவப் பெண்களுக்கென்றே நடத்தப்பட்ட வார இதழ். அதனை 1978இல் ஆராய்ந்த ஏஞ்சலா மெக்ராபி, காதல், ஒப்பனை, தனிவாழ்வு, இசை என்னும் நான்கு குறியீட்டு ஒழுங்குகளின் வழியாக அவ்விதழ் சிறுமியருக்கு ஓர் உலகைக் கட்டமைத்ததை விளக்கினார். தமிழில் அத்தகைய தனி இதழ் நிலைபெறவில்லை. 1905இல் பாரதி ஆசிரியப் பொறுப்பேற்ற ‘சக்கரவர்த்தினி’யும், 1925 முதல் வை. மு. கோதைநாயகி நடத்திய ‘ஜகன்மோகினி’யும் பெண்களை நோக்கியவை, ஆனால் சிறுமி, மணமானவள் என வாசகரைப் பிரிக்கவில்லை. ‘மங்கையர் மலர்’, 1998இல் தொடங்கிய ‘அவள் விகடன்’ முதலிய பிற்கால இதழ்களிலும் பதின்பருவத்தினர் சில பக்கங்களுக்கே உரியவர்கள். விளைவாக, தாய்க்கு எழுதப்பட்டதை மகள் படித்தாள். முப்பது வயதுத் தோலுக்குச் சொல்லப்பட்ட மருந்தைப் பதினான்கு வயதினர் பூசிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘வர’ என்னும் வினையெச்சம்

நோட்டிலுள்ள அழகுக் குறிப்புகளுள் மிகப் பல ஒரே வாய்பாட்டில் அமைந்தவை: இன்ன பொருளை இன்னதனோடு குழைத்துத் தடவி வர, பரு மறையும், தேய்த்துக் குளித்து வர, நிறம் கூடும். முதல் வினை செய்து வாய்பாட்டு எச்சம். அடுத்து ‘வா’ என்னும் துணைவினை. இறுதியில் செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று. இத்தொடர் இதழாசிரியர்களின் படைப்பன்று. ‘உண்டு வர, நோய் தீரும்’ என்னும் சித்த மருத்துவ நூல்களின் வழக்கு இது. பாட்டி வைத்தியமும் இதே வாய்பாட்டில்தான் பேசும்.

இங்குத் துணைவினையாகிய ‘வா’ தொடர்ச்சிப் பொருளது. எத்தனை நாள் என்ற எல்லை அதில் இல்லை. ‘தடவினால் மறையும்’ என்றிருப்பின் ஒருமுறை தடவிப் பார்த்து மறையவில்லை என்று மறுத்துவிடலாம். ‘தடவி வர மறையும்’ என்பதை மறுக்க இயலாது. மறையவில்லையெனில் தடவி வந்தது போதவில்லை. செய்யும் என்னும் முற்றோ ஐயத்திற்கு இடம் தராதது. முடிவு உறுதி, முயற்சி எல்லையற்றது. இவ்விரண்டும் ஒரே தொடரில் கூடும்போது குறை எப்போதும் செய்தவளிடமே வந்து நிற்கிறது.

மருத்துவர் வாயிலிருந்து வரும்போது இதே தொடர் வேறு வகையில் இயங்கும். எதிரே அமர்ந்திருக்கும் வைத்தியர் நாடி பார்ப்பார், ஒவ்வாதெனில் நிறுத்துவார், அளவை மாற்றுவார். ‘வர’ என்பதன் எல்லையை அவரே வரையறுக்கிறார். அச்சுத்தாள் அதனைச் செய்யாது. அதிலும் எம் கைக்கு வந்த தாள் பாதியில் கிழிந்தது.

எலுமிச்சைச் சாற்றைக் குறித்த துண்டு அவ்வாறு கிழிந்த ஒன்று. இரவில் பூசுக, காலையில் கழுவுக, வெயில் படாமல் காக்க என்னும் எச்சரிக்கை மூலத்தில் இருந்ததா என இன்று அறிய வழியில்லை. நாங்கள் மூவர் காலையில் பூசிக்கொண்டு விளையாட்டு விழாப் பயிற்சிக்குச் சென்றோம். எலுமிச்சை இனக் கனிகளில் உள்ள ஃபியூரோகூமரின் என்னும் வேதிப்பொருள் தோலில் படிந்த நிலையில் புற ஊதாக் கதிர் பட்டால் தீப்புண் போன்ற அழற்சி உண்டாகும். ஆறிய பின்னும் கருந்திட்டு பல வாரங்களுக்கு நிற்கும். ஒருத்திக்குக் கன்னத்தில் அத்திட்டு நெடுநாள் இருந்தது. திருவிழாவுக்கு ஊர் செல்ல மறுத்து விடுதியிலேயே தங்கினாள். இன்று நினைக்குங்கால் என்னை உறுத்துவது புண்ணன்று. மறுவாரம் நாங்கள் நோட்டில் எழுதிவைத்த திருத்தம்: ‘தேன் சேர்க்க மறந்துவிட்டோம்.’ குறிப்பு தவறாயிருக்கலாம் என்ற எண்ணமே எழவில்லை. எழுவதற்கு அத்தொடரில் இடமில்லை.

சதகத்தின் பெண்

கொல்லிமலைக்கு அறிவுரை நூல் புதிதன்று. வளப்பூர் நாட்டில் கோயில்கொண்ட அறப்பளீசுவரரை விளித்து அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம், நீதிச் சதகங்களுள் பரவலாக அறியப்பட்டது. மதவேள் என்னும் புரவலன் நாள்தோறும் நினையும் தேவனே என ஒவ்வொரு விருத்தமும் முடிகிறது. இல்லாளின் சிறப்பு, நன்மக்கட்பேறு ஆகியவற்றையும் பாடும் இந்நூல், எண்ணெய் முழுக்கிற்கு உகந்த கிழமை, புத்தாடை அணிய உகந்த நாள், சகுனம் என இன்றைய இதழ்களின் பல பக்கங்களை ஒருசேர நினைவூட்டும் பொருளடக்கம் கொண்டது.

அதில் பெண் பூப்பெய்தும் கிழமையின் பலன் கூறும் செய்யுள் உண்டு. ஞாயிறெனில் நோயுடையவள், திங்களெனில் கற்புடையவள், செவ்வாயெனில் துயருறுபவள் என அது வரிசைப்படுத்திச் செல்கிறது. வினாநிரல் வழியாகக் குணம் கூறும் இதழ்ப் பக்கத்திற்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு சிறிதே. இரண்டும் பட்டியல்கள், இரண்டும் பெண்ணைத் தன் பெயரை அதில் தேடச் செய்பவை. சதகத்தை மூடநம்பிக்கை எனவும் இதழை நவீனம் எனவும் கொள்ளும் வழக்கத்திற்கு இவ்வொப்பீடு தடையாகிறது.

எனினும் ஒரு வேறுபாடு பெரிது. சதகம் கூறும் கிழமையைச் சிறுமி தேர்ந்தெடுப்பதில்லை. பலன் கொடிதாயினும், தான் போதிய அளவு முயலவில்லை என்று அவள் வருந்தக் காரணமில்லை. ஊர் அவளைத் தாழ்த்தலாம், அவள் தன்னைக் குற்றவாளியாகக் கருதவேண்டியதில்லை. இதழோ ஊழை வீட்டுப்பாடமாக்கியது. பிறப்பிலமைந்த நிறத்தை நாற்பது நாளில் மாற்றத்தக்கதென அறிவித்த கணமே, மாறாத நிறம் சோம்பலின் சான்றாகிவிட்டது. சதகத்தை ஆதரித்து இதனைக் கூறவில்லை. செவ்வாய்க்கிழமை பூப்பெய்திய பெண்ணொருத்தியின் திருமணப் பேச்சில் அக்கிழமை எவ்வளவு கனக்கும் என்பதை மலையில் யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. இரு வகைச் சுமைகளுள் பின்னையதன் புதுமையையே சுட்டுகிறேன்.

மாமையும் நிறமும்

பரணர் பாடிய நற்றிணை 201ஆம் பாடலில் தலைவன் தன் பாங்கனிடம், மலையுறை குறவன் மகளைக் கொல்லிப்பாவையோடு ஒப்பிட்டுப் பேசுகிறான். காற்று மோதினும், மழை விரைந்து பொழியினும், இடி தாக்கினும், நிலமே பெயரினும் தன் அழகிய உருவம் கெடாத பாவை அது. வெயிலில் நடந்தால் கெட்டுவிடும் என்று எமக்குக் கற்பிக்கப்பட்ட அழகு, எம் மலையின் பெயரால் அறியப்பட்ட பாவைக்கு இடியிலும் கெடவில்லை. பாவை தெய்வம் எழுதியது, மானுடப் பெண்ணுக்கு அளவுகோலாகாது என்று மறுக்கலாம். ஆனால் தலைவன் ஒப்பிடுவது மானுடப் பெண்ணையே.

இதனினும் முதன்மையானது நிறம் பற்றியது. சங்க அகப்பாடல்களில் போற்றப்படும் பெண்ணின் மேனி நிறம் மாமை. மாந்தளிர் நிறம் என உரையாசிரியர்கள் விளக்குவர். பிரிவுத் துயரால் அது கெட்டு வெளிறிப் படர்வது பசலை. வெள்ளிவீதியார் குறுந்தொகை 27ஆம் பாடலில், கன்றும் உண்ணாது கலத்திலும் சேராது வீணாகும் பால்போலத் தன் மாமைக் கவின் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாவதைத் தலைவி சொல்லி வருந்துகிறாள். அவ்விலக்கிய மரபில் வெளிறுதல் இழப்பு. தோழியும் செவிலியும் கவலையுறும் நிலை. இந்தியச் சந்தைக்கு 1975இல் வந்த முகப்பூச்சு ஒன்று ‘ஃபேர்’ என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி, 2020இல்தான் அதனைக் கைவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்த எமக்கு மாமை தேர்வுக்குரிய சொற்பொருளாகவும், சிவப்பழகு வாழ்வுக்குரிய சொல்லாகவும் இருந்தன. ஒரே மேசையில், ஒரே மாலையில் இரண்டையும் மனப்பாடம் செய்திருக்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் முதுகலையில்தான் கேட்டேன்.

சங்கப் புலவர் காலத்தில் நிறவேற்றுமை இல்லை என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இலக்கியச் சுவையும் சமூக நடைமுறையும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை.

சாமைச்சோறு

உணவுக் குறிப்புகளைப் பற்றிச் சிறிது. நோட்டின் முற்பகுதியில் ஓட்ஸ், ஆப்பிள், ஆலிவ் எண்ணெய் ஆகியன அழகு தருபவை. சாமையும் கேழ்வரகும் எங்கும் இல்லை. விடுமுறைக்கு வீடு சென்றால் சாமைச்சோறு. அதனை மறைத்து, அரிசிச்சோறு உண்டதாகத் தோழியரிடம் சொன்னவர்கள் நாங்கள். கொல்லிமலையின் சிறுதானிய நிலங்கள் ஏற்கெனவே மரவள்ளிக்கு மாறிக்கொண்டிருந்தன. அவற்றைக் காக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மலையில் பணியாற்றி வந்தது. பின்னர்ச் சில ஆண்டுகளிலேயே மகளிர் இதழ்கள் சாமைப் பொங்கலுக்கும் தினை லட்டுக்கும் இணைப்பிதழ்கள் வழங்கின. 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாயிற்று. எம் பாட்டியர் உண்டபோது இழிவாயிருந்தது ‘உண்டு வர, எடை குறையும்’ என்று அச்சேறியதும் உயர்வாயிற்று. இதற்கு மகிழ்வதா சினப்பதா என என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

கேள்வி–பதில் பக்கங்கள்

இவ்வளவும் கூறிய பின் ஒன்றை மறைத்தல் தகாது. நோட்டின் பின்னட்டையை ஒட்டிய ஆறு பக்கங்கள் வேறு வகையின. ராணி இதழின் ‘அல்லி பதில்கள்’, வாரமலரில் 2010இல் தாம் மறையும்வரை அனுராதா ரமணன் எழுதிய ‘அன்புடன் அந்தரங்கம்’ ஆகியவற்றால் தமிழில் வேரூன்றிய கேள்வி–பதில் மரபைச் சேர்ந்தவை. பெண் மருத்துவர்கள் எழுதிய விடைகளும் உள்ளன. மாதவிடாய் எத்தனை நாள் தள்ளிப்போனால் மருத்துவரைக் காணவேண்டும், வலிக்கு என்ன செய்யலாம், உறவினர் ஒருவர் தொட்டுப் பேசுவது பிடிக்கவில்லையெனில் யாரிடம் சொல்வது என்பவற்றை எமக்குத் தெளிந்த தமிழில் முதலில் சொன்னவை அப்பக்கங்களே. வீட்டிலும் வகுப்பிலும் அச்சொற்கள் இல்லை. பாடநூலின் இனப்பெருக்க மண்டலப் பாடத்தை ஆசிரியர் எம்மையே படித்துக்கொள்ளச் சொல்லிக் கடந்தார்.

இவ்விடைகளின் தொடரமைப்பு அழகுக் குறிப்புகளினின்று வேறானது. ‘மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்’, ‘வலி குறையவில்லையெனில்’ என்று நிபந்தனையும் எல்லையும் தெளிவாக வருகின்றன. செய்தும் பயனில்லாவிட்டால் அடுத்து என்ன என்பது சொல்லப்படுகிறது. ‘உங்கள் தவறு இல்லை’ என்னும் தொடர் நோட்டு முழுவதிலும் இப்பகுதியில் மட்டுமே காணப்படுகிறது. ஒரே இதழின் எதிரெதிர்ப் பக்கங்களில் இவ்விரு தமிழும் அச்சாகியிருக்கக்கூடும். இதழ்களை ஒட்டுமொத்தமாக நகையாடுவோர் இதனைக் கருதுவதில்லை.

அந்நோட்டு நான் பள்ளி நீங்கிய பின்னும் விடுதியில் கைமாறியது. பின்னர் எனக்குத் திரும்பி வந்தபோது பொட்டுப் பக்கங்கள் பசை விட்டு உதிர்ந்திருந்தன. மருத்துவர் விடைகளின் ஓரத்தில் எனக்குத் தெரியாத இரண்டு கையெழுத்துகள் இருந்தன. ஒன்று, ‘இது எந்தப் புத்தகம் அக்கா?’ என்று கேட்டிருந்தது. மற்றொன்று அதன் கீழே, செம்மேட்டு மருத்துவமனைக்குப் பேருந்து புறப்படும் நேரத்தைக் குறித்திருந்தது.