சிலேடை என்னும் சொல்

கலியாண வீடொன்றில் முதியவர் ஒருவர், "மாலை வந்துவிட்டதா, தம்பி?" என்று வினவுகிறார் என வைத்துக்கொள்வோம். பூமாலைக்காகக் காத்து நிற்கும் இளைஞன், "இன்னும் வரவில்லை, ஐயா" என்கிறான். முதியவர் மேற்கு வானத்தைச் சுட்டி, "அதோ வந்துவிட்டதே!" என்கிறார். சூழ இருப்போர் நகைக்கின்றனர்.

இத்தகைய பேச்சையே சிலேடை என்கிறோம். வடமொழியில் 'சிலிஷ்' என்னும் வினையடிக்குத் தழுவுதல், ஒட்டுதல் என்பன பொருளாம். அதனின்று பிறந்த 'சிலேஷ' என்னும் சொல்லே தமிழில் சிலேடை ஆயிற்று. வேஷம் வேடமானதும், பாஷை பாடையானதும் இவ்வாறே. (பாடை என்றதும் வாசகர்க்கு வேறொன்று நினைவுக்கு வருமாயின், அதுவும் சிலேடையே!) ஒரு சொல்லுக்குள் இரு பொருள்கள் ஒன்றையொன்று தழுவி நிற்றலால் இப்பெயர் மிகப் பொருந்தும். தமிழில் இதனை இரட்டுறமொழிதல் என்பர். நன்னூல் கூறும் 32 உத்திகளுள் இதுவும் ஒன்று.

ஆதலின், சாதுரியமான பதில் ஒவ்வொன்றையும் சிலேடை என்பது பொருந்தாது. இரு பொருளும் நெருடலின்றி நிற்றல் வேண்டும். ஒன்று நிற்க, மற்றொன்றை இழுத்து வந்து கட்டுவது தழுவலன்று. மேடைகளில் நாம் கேட்பவற்றுட் பல இவ்வகையினவே.

காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவிற் பாடினார். தோலுரிதல் இரண்டுக்கும் பொது. நஞ்சு என்பது பாம்புக்கு விடம். பழத்துக்கோ நைந்து கனிந்த நிலை. பாட்டு முழுவதையும் பாம்பாகவே படிக்கலாம்; பழமாகவே சுவைக்கவும் செய்யலாம்.

தண்டியலங்காரம் சிலேடையை இரண்டாகப் பகுக்கும். மாலை போலச் சொல் பிரியாது நின்று இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. பிரித்தால் வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை. "இவ்வீடு பலகையால் ஆனது" என்று தச்சர் ஒருவர் கூறினால், மரப்பலகையையும் எண்ணலாம். உழைத்த பல கைகளையும் எண்ணலாம்.

இவ்விரண்டாம் வகைக்குப் பழைய ஏட்டுச்சுவடி நல்ல துணை. அதிற் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை, படிப்பவரே பிரித்துக்கொள்வார். அச்சுக் கோப்பவர் பாடுதான் திண்டாட்டம். பிரித்து அச்சிட்டாற் பலகை போய்விடும். சேர்த்து அச்சிட்டாலோ பல கைகளும் மறைந்துவிடும்.