தோட்டத்தை விட்டு இரண்டு நாள், ஆற்றங்கரையில்

"மாட்டை யாரு பாக்கறது?"

நம் இயற்கை விவசாயிகள் வீட்டில் எந்தப் பயணப் பேச்சும் இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும். எங்கள் வீட்டிலும் எட்டு வருடமாக அப்படித்தான். வங்கியில் இருந்தவரை வருடம் ஒரு தடவையாவது குடும்பத்தோடு எங்காவது போய் வருவோம். ஓய்வு பெற்று, ஈரோடு மாவட்டத்தில் கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைப் பக்கம் நாலு ஏக்கர், மூன்று நாட்டு மாடு என்று உட்கார்ந்த பிறகு, கல்யாண வீட்டுக்குப் போனால்கூட சாயங்காலப் பால் கறவைக்குள் திரும்பிவிட வேண்டும்.

போன தீபாவளிக்கு வந்த பேத்தி, வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டு கேட்டாள். "அப்புச்சி, இந்தத் தண்ணி எங்கிருந்து வருது?"

"பவானிசாகர் அணையிலிருந்து கண்ணு."

"அணைக்கு?"

"மலையிலிருந்து, பவானி ஆத்துல."

"நீங்க அங்கே போய்ப் பாத்திருக்கீங்களா?"

இல்லை. எட்டு வருடம் அந்தத் தண்ணீரில் நெல் விளைவித்தவன், அது வரும் வழியைப் பார்த்ததில்லை. மாடு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வீட்டில்கூட அதிகம் பேசியதில்லை.

யாரும் கேட்காத கேள்வி

நான் இளம் அதிகாரியாக இருந்தபோது, எங்கள் கிளை ஊழியர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அணைக்குக் கீழே உள்ள ஆற்றங்கரைக்குப் போனோம். முழங்கால் அளவுத் தண்ணீர். நல்ல வெயில், மேகமே இல்லை. எங்களில் ஒருவர் நடு ஆற்றுப் பாறையில் போய் உட்கார்ந்தார். நீச்சல் தெரிந்தவர். தண்ணீர் ஏறியதைக் கரையில் இருந்த நாங்கள் கவனித்தபோது, அவர் திரும்பி வர வழியில்லை. மறுநாள் மாலைதான் கிடைத்தார். பெட்டகச் சாவிகளில் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அதை அவர் மனைவியிடம் போய்க் கேட்டு வாங்கி வந்தவன் நான்.

வேன் வாடகை, சாப்பாடு, சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் அன்று திட்டம் போட்டிருந்தோம். "மேலே அணையில் தண்ணீர் எப்போது திறப்பார்கள்?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பேத்தியைக் கூட்டிப் போவதென்றால் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். போய் வந்துவிட்டோம். நீங்களும் போகலாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

இடமும் காலமும்

நாங்கள் தேர்ந்தெடுத்தது காரமடைக்கு மேற்கே, பில்லூர் அணைப் பக்கம். நீலகிரியில் பிறக்கும் பவானி, கேரளத்து அட்டப்பாடிக்குள் போய், கிழக்கே திரும்பி மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பில்லூரில் அதைத் தேக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். கோவைக்குக் குடிநீரும் அங்கிருந்து போகிறது. அதன் பிறகுதான் மேட்டுப்பாளையம், பவானிசாகர், நம் வாய்க்கால் எல்லாம்.

கோவையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் பரளிக்காடு. வனத்துறையும் அங்குள்ள இருளர் மக்களும் சேர்ந்து சனி, ஞாயிறுகளில் நீர்த்தேக்கத்தில் பரிசல் விடுகிறார்கள், மதியச் சாப்பாடும் போடுகிறார்கள். பூச்சமரத்தூரில் ஆற்றங்கரையிலேயே தங்கும் குடில்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் வனத்துறையிடம் முன்பதிவு செய்யாமல் போகக் கூடாது. அது யானைக்காடு. இருட்டிய பிறகு வண்டியில் சுற்றும் இடமில்லை.

ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவமழையில் ஆறு வேகமாக இருக்கும், அட்டையும் அதிகம். பங்குனி, சித்திரையில் காடு காய்ந்து தீப்பிடிக்கும் காலம். நமக்கு வேலை குறைவதும் ஆறு அடங்கியிருப்பதும் சேர்ந்து வருவது தை மாதம்தான். நெல் அறுத்து, உளுந்து விதைத்து, அது முளைத்து எழுந்த நேரம் பார்த்து ஒரு சனி, ஞாயிறைக் குறித்தோம்.

சார்ஜ் ஒப்படைப்பு

எங்கள் குழுவில் நாலு குடும்பம். இரண்டு குடும்பம் போவது, இரண்டு குடும்பம் இருந்து எல்லாத் தோட்டத்தையும் பார்ப்பது, அடுத்த மாதம் மாற்றிக்கொள்வது. கூலி கிடையாது, மொய் கணக்குதான்.

வங்கியில் மாற்றலாகும்போது, வருகிறவரிடம் பொறுப்பை எழுதி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவோம். அதேபோல இரண்டு பக்கம் எழுதினேன். எந்த மாட்டுக்கு எவ்வளவு தவிடு, எது இடது பக்கம் நின்றால் உதைக்கும், ஜீவாமிர்தத் தொட்டியை எத்தனை தடவை கலக்க வேண்டும், மோட்டார் எத்தனை மணிக்கு, கால்நடை மருத்துவர் எண், தீவனச் சாவி எங்கே. எழுத எழுதத்தான் தெரிந்தது, பாதி விஷயம் என் தலைக்குள் மட்டும் இருந்தது. நாளைக்கே எனக்கு உடம்புக்கு ஆகாமல் போனால் வீட்டம்மாவுக்கே பாதி தெரியாது.

ஒரு வாரம் முன்பே, பக்கத்துத் தோட்டத்து நண்பரை இரண்டு நாள் வரச் சொல்லிப் பால் கறக்க வைத்தேன். புதுக்கைக்கு மாடு உடனே பால் விடாது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆற்றுக்கு எங்கள் விதிகள்

நாலு விதி எழுதி, கிளம்புவதற்கு முன்பே எல்லோரிடமும் படித்துக் காட்டினேன்.

1. குளிக்க ஆற்றில் இறங்குவதில்லை, பெரியவர்களும்தான். மின்சாரத்துக்குத் தண்ணீர் திறந்தால் வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறும். பில்லூருக்குக் கீழே மேட்டுப்பாளையம் வரை பலர் இப்படித்தான் போயிருக்கிறார்கள்.

2. பரிசலில் லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறுவதில்லை. நடுவில் எழுந்து நிற்பதில்லை.

3. உள்ளூர்க்காரர் "வேண்டாம்" என்றால் மறுபேச்சில்லை.

4. பிளாஸ்டிக் உள்ளே போகாது. தூக்குப்போசி, துணிப்பை, எவர்சில்வர் பாட்டில். மது அறவே இல்லை.

கூடவே டார்ச், கம்பளி, வழக்கமான மாத்திரைகள், அட்டைக்கு உப்பு. செல்போன் சிக்னலை நம்ப முடியாது என்பதால், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்தோம்.

கல் வைத்த கதை

பரிசலில் ஒரு மணி நேரம். இருகரையும் காடு. மதியம் ராகிக் களியும் கீரையும். சாயங்காலம் குடிலுக்கு வந்ததும், உதவிக்கு இருந்த இருளர் பெரியவர் பேத்தியிடம் தண்ணீர் ஓரத்தில் மூன்று கல்லை வரிசையாக வைக்கச் சொன்னார். முதல் கல் தண்ணீர் விளிம்பில், அடுத்தது ஓரடி மேலே, மூன்றாவது அதற்கும் மேலே.

ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஆற்றுச் சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். வீட்டம்மா, "ஏனுங்க, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, படுங்க" என்றாள்.

விடிந்ததும் பேத்தி ஓடிப்போய்ப் பார்த்தாள். இரண்டு கல் தண்ணீருக்குள் இருந்தன. ராத்திரி ஒரு சொட்டு மழை இல்லை. மேலே மழையோ, திறப்போ, கரையில் தூங்கினவர்களுக்குத் தெரிய வழியில்லை. பெரியவர் சிரித்தார். "ஆறு சொல்லீட்டு வராதுங்க" என்றார். முப்பது வருடத்துக்கு முன் எங்களிடம் இதைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். அன்று நடந்ததைப் பேத்திக்கும் முதல் தடவையாகச் சொன்னேன். பேசாமல் கேட்டாள். பிறகு, "இந்தத் தண்ணி நம்ம காட்டுக்கு எப்போ வந்து சேரும்?" என்றாள். பில்லூரில் நின்று, பவானிசாகரில் நின்று, வாய்க்கால் திறந்தால்தான் என்றேன்.

நம் வயலில் கசியும் தண்ணீரும் கீழே யாரோ ஒருவர் கிணற்றுக்குத்தான் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நாம் ஏன் விஷம் தெளிப்பதில்லை என்று இதுவரை சொன்னதைவிட அது அவளுக்கு எளிதாகப் புரிந்தது.

திரும்பி வந்தபோது

வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களுக்குக் கட்டாய விடுப்பு உண்டு. வேறொருவர் அந்த மேசையில் உட்கார்ந்தால்தான் மறைந்திருக்கும் தவறு வெளியே வரும். தோட்டத்துக்கும் அது பொருந்துகிறது. இரண்டே நாளில் நண்பர் கண்டுபிடித்தவை: கிடாரியின் காதுக்குள் உண்ணி, தென்வரப்பில் எலி வளை, கடைசி வரிசைத் தென்னைக்குத் தண்ணீரே போகாத அடைபட்ட சொட்டுநீர்க் குழாய். தினமும் நான் நடக்கிற இடங்கள்தான் மூன்றும். பால் மட்டும் முதல் நாள் ஒரு லிட்டர் குறைந்திருந்தது.

அடுத்த மாதம் அவர் குடும்பம் போகிறது. அவருடைய ஐந்து மாடுகளுக்கும் நான் பொறுப்பு. ஒப்படைப்புத் தாள் எழுத ஆரம்பித்திருக்கிறார். மூன்றாவது பக்கம் போய்க்கொண்டிருக்கிறதாம்.