ஈவும் மீதியும்



கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் வாழும் நாம், சம்பளம் கிடைத்ததும் பட்டணத்துக்குப் போய்ச் சாமான் வாங்குகிறோம். கடை ரசீதின் அடியில் மொத்தத் தொகை இரண்டொரு காசு ஏறியோ இறங்கியோ இருக்கும். அந்தக் கணக்கைக் கணிப்பொறி எப்படிப் போடுகிறது?

பதினேழு மிட்டாயை ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று வரும், இரண்டு மிஞ்சும். மூன்று என்பது ஈவு. இரண்டு என்பது மீதி. மிட்டாயை உடைக்காமல் பங்கிடும் இந்த முறைதான் முழுஎண் வகுத்தல். கணிப்பொறிக்கு ஈவைக் கேட்பது ஒரு கட்டளை, மீதியைக் கேட்பது வேறொரு கட்டளை. பைதான் என்னும் கணிப்பொறி மொழியில் ஈவுக்கு இரண்டு சாய்கோடும், மீதிக்கு விழுக்காட்டுக் குறியும் இடுவார்கள்.

இனி ரசீதைப் பார்ப்போம். 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்யும் முறையைப் பேங்க் நெகாரா கொண்டுவந்தது. 47 வெள்ளி 83 காசுக்குச் சாமான் வாங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். அது 4783 காசு. ஐந்தால் வகுத்தால் ஈவு 956, மீதி 3. மீதி 1 அல்லது 2 என்றால் அதை விட்டுவிட வேண்டும். 3 அல்லது 4 என்றால் அடுத்த ஐந்துக்கு ஏற்ற வேண்டும். ஆகவே நாம் கட்டுவது 47 வெள்ளி 85 காசு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரிசெய்வது மொத்தத் தொகையைத்தான். ஒவ்வொரு சாமானின் விலையையும் அல்ல. 1 வெள்ளி 99 காசு விலையுள்ள மூன்று சோப்புக் கட்டிகளின் மொத்தம் 597 காசு. மீதி 2. ஆகவே 5 வெள்ளி 95 காசு கட்டினால் போதும். ஒவ்வொன்றையும் தனித்தனியே 2 வெள்ளியாக்கினால் 6 வெள்ளி ஆகிவிடும். நம் கையை விட்டு 5 காசு போகும். சின்னத் தொகைதான், ஆனால் மாதம் முழுவதும் இப்படியே போனால் சேர்ந்துவிடும்.

இதைச் சரிபார்க்கக் கணிப்பொறி வேண்டியதில்லை. பத்து என்பது ஐந்தால் மீதியின்றி வகுபடும். ஆகவே கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். 1, 2, 6, 7 என்றால் தொகை குறையும். 3, 4, 8, 9 என்றால் கூடும். 0, 5 என்றால் மாறாது.

இந்த வார ரசீதைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். கணக்கும் பழகும், நம் காசும் தங்கும்.