இழுப்பு இருந்தால் ஓடக் கூடாதா?

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு பிள்ளைக்கு வீசிங் என்று தெரிந்துவிட்டால் முதலில் நிற்பது ஐஸ்கிரீம், அடுத்து ஓட்டம். பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்காரும் அந்தப் பிள்ளை நாற்பது வயதிலும் மாடிப்படி ஏற யோசிக்கும்.

"ஓடுனா இழுத்துரும்" என்று வீட்டில் சொல்வது முழுப் பொய்யுமல்ல. ஓடும்போது மூக்கு போதாமல் வாயால் மூச்சு வாங்குகிறோம். காய்ந்த காற்று நிறைய உள்ளே போய் மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்ச, ஆஸ்துமாக்காரரின் குழாய் சட்டென்று சுருங்குகிறது. பெரும்பாலும் ஓடி நின்ற சில நிமிடங்களில்தான் இருமலும் நெஞ்சு இறுக்கமும் வரும். ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் நடையும் மெல்லோட்டமுமாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டால் பலருக்கு அந்தச் சுருக்கம் குறைகிறது. தொடர்ந்து பழகினால் ஆஸ்துமா போய்விடாது. ஆனால் உடல் வலுக்கூடி, அதே தூரத்துக்கு வாங்கும் மூச்சு குறையும்.

இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃபுக்கு 14 வயதில் ஆஸ்துமா என்று சொன்னார்கள். 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் முடித்தார். அந்த உலக சாதனை 2019 வரை நின்றது. எனக்கு அவரைவிட எத்தியோப்பியாவின் ஹெய்லி கெப்ரசெலாசிதான் முக்கியமாகப் படுகிறார். ஆஸ்துமா உள்ள அவர், காற்று மாசுக்குப் பயந்து 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானை வேண்டாம் என்று விட்டார். 10,000 மீட்டர் மட்டும் ஓடினார். அடுத்த மாதமே பெர்லினில் 2:03:59 என்று உலக சாதனை. பெய்ஜிங்கில் பயந்த அளவு புகை இல்லை என்பது வேறு கதை. ஆனாலும் ஓடுவதா வேண்டாமா என்று கேட்காமல், எந்தக் காற்றில் ஓடுவது என்று கேட்டார் பாருங்கள், சிம்மக்கல்காரர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

சிம்மக்கல் ரவுண்டானாவில் பஸ் புகை. தெற்கே கீழமாரட் வீதிப் பக்கம் போனால் வெங்காயச் சருகும் லோடு லாரியும். வைகைக் கரைச் சாலை அகலம்தான், ஆனால் குப்பை எரிகிற நாளில் அங்கே கால் வைக்கக் கூடாது. விடிவதற்குள் ஏ.வி. பாலம் தாண்டி, கோரிப்பாளையத்தை நடந்தே கடந்து, ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓட்டத்தைத் தொடங்குவது உத்தமம். அதுவும் முடியாதவர்களுக்கு நீச்சல் இருக்கிறது. நீரை ஒட்டிய ஈரக்காற்று மூச்சுக்குழாயைக் காய விடாது. போகி, தீபாவளி சமயம் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி போதும்.

இனி பம்ப், அதாவது இன்ஹேலர். "பழகிரும்" என்று அதற்குப் பயப்படுகிறவர்கள் மாத்திரையைக் கூசாமல் விழுங்குகிறார்கள். நீல நிற சால்பியூட்டமால் பம்பில் ஒரு அழுத்து 100 மைக்ரோகிராம். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அதைப்போல 40 மடங்கு. மருந்து நேரே குழாய்க்குப் போவதால்தான் பம்புக்கு அவ்வளவு குறைவாகப் போதும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பே குறிப்பிட்ட அளவுக்குள் இதை வீரர்களுக்கு அனுமதிக்கிறது. ஓடுவதற்குக் கால்மணி நேரம் முன்பு எடுத்துக்கொள்ளும்படி டாக்டர்கள் சொல்வதுண்டு. ஆனால் நீல பம்பை மட்டுமே நம்பி ஓட்டக் கூடாது. அது சுருங்கிய குழாயை விரிக்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தை அடக்குவது ஸ்டீராய்டு இன்ஹேலர். அதனால்தான் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் குழுவான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல பம்பு மட்டும் போதாது என்று 2019-இல் சொன்னது. இரவில் இருமி எழுகிறவர், வாரத்தில் பல நாள் நீல பம்பைத் தேடுகிறவர், முதலில் டாக்டரைப் பார்த்து நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு ஷூவைக் கட்டலாம்.

ஓடும்போது பம்ப் சட்டைப்பையில் இருக்கட்டும், பைக் டிக்கியில் அல்ல. மூச்சு இறுகினால் உடனே நின்று பம்பை எடுக்க வேண்டும். எடுத்தும் தணியவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை என்றால் கூட ஓடுகிறவரை அழைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். ரேஸ்கோர்ஸிலிருந்து சிம்மக்கல் திரும்பும் வழியில், கோரிப்பாளையம் பக்கத்தில்தானே இருக்கிறது.