சுவருக்குப் பின்னால் ஒரு தகப்பன்



மேல்நாட்டு றொக் இசை வெறும் சத்தம் என்று சொல்லும் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். ஊரில் ஜிம் றீவ்ஸ், அபா, போனி எம் கேட்டதோடு என் ஆங்கிலப் பாட்டு அறிவு முடிந்துவிட்டது. 1988இல் மொன்றியலுக்கு வந்து உணவகமொன்றில் கோப்பை கழுவிய காலத்தில், அங்கே சமைத்த பிரெஞ்சுக்காரப் பெடியன் ஒரே கசெற்றைத் தேயத் தேயப் போடுவான். பிங்க் ஃபுளொயிட் குழுவின் 'த வோல்', அதாவது 'சுவர்'. அதில் பிள்ளைகள் சேர்ந்து பாடும் இடம் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது.

பதினான்கு வருடம் கழித்து அதே பாட்டு எங்கள் வீட்டில், பூட்டிய அறையொன்றுக்குள் இருந்து கேட்டது. உள்ளே என் அக்காவின் மகன். பதினாறு வயது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனை யுத்தம் கொண்டுபோய்விட்டது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கதவைத் தட்டினேன். திறந்தவன், "மாமா, இதை எழுதினவருக்கும் அப்பா இல்லை" என்றான்.

அதற்குப் பிறகுதான் ஆறுதலாக இருந்து கேட்டேன்.

1979 நவம்பர் 30 வெளிவந்த இந்த அல்பம் தனித்தனிப் பாட்டுகளின் தொகுப்பல்ல. இரண்டு இசைத்தட்டுகளில், நான்கு பக்கங்களில் ஒரே கதை. பிங்க் என்ற பாடகனுக்குப் போரில் இறந்த தகப்பன், பொத்திப் பொத்தி வளர்த்த தாய், மட்டந்தட்டும் ஆசிரியர்கள், முறிந்த கலியாணம் என்று ஒவ்வொன்றும் ஒரு கல்லாகி அவனைச் சுற்றிச் சுவர் எழும்புகிறது. கடைசியில் இடிகிறது. ஆனால் அல்பம் பாதி வசனத்தில் முடியும். மிச்ச வசனம் அதன் தொடக்கத்தில் இருக்கும். இடிந்த சுவர் திரும்பவும் எழும்பும் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

எழுதிய றொஜர் வோட்டர்ஸ் 1943 செப்ரெம்பரில் பிறந்தவர். தகப்பன் முதலில் ஆயுதம் தூக்க மறுத்து, லண்டனில் குண்டு விழுந்த நாட்களில் அம்புலன்ஸ் ஓட்டியவர். பிறகு மனம் மாறிப் படையில் சேர்ந்து, 1944 பெப்ரவரி 18 இத்தாலியின் அன்சியோவில் கொல்லப்பட்டார். பிள்ளைக்கு ஐந்து மாதம். உடல் கிடைக்கவில்லை. 1982இல் வந்த திரைப்படத்தில் இந்த மரணத்தைப் பற்றிய பாட்டொன்றின் தலைப்பில் 'ரைகர்ஸ்' என்று வரும். எங்கள் ஆட்கள் திடுக்கிட வேண்டாம், அது ஜேர்மன் யுத்த டாங்கியின் பெயர்.

சுவர் என்ற எண்ணம் உதித்ததோ எங்கள் மொன்றியலில். 1977 யூலை 6, ஒலிம்பிக் அரங்கில் கூட்டத்தின் கூச்சலில் ஆத்திரமடைந்த வோட்டர்ஸ் முன்னால் நின்ற ரசிகர் ஒருவர் மேல் துப்பிவிட்டார். பிறகு தன்னை நினைத்தே வெட்கப்பட்டார். தனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு சுவர் நிற்கிறதென்ற நினைப்பு அங்கே தொடங்கியது. 1980, 81 நிகழ்ச்சிகளில் மட்டை அட்டைக் கற்களால் உண்மையாகவே மேடையை மறைத்துச் சுவர் கட்டினார்கள்.

லண்டன் இஸ்லிங்ரன் கிறீன் பாடசாலைப் பிள்ளைகள் பாடிய அந்தப் பாட்டைப் படிப்புக்கு எதிரானது என்று நம் பெற்றோர் நினைக்கக்கூடும். பிள்ளையைக் கூசவைத்துப் படிப்பிக்கும் வாத்தியாருக்குத்தான் அது எதிர். பிரம்படி வாங்கிப் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தாயையும் ஒரு கல்லாக அடுக்கிவிட்டார். இரவில் அலுவலகங்கள் துப்புரவாக்கி, பகலில் தையல் தைத்து வளர்த்த என் அக்காவை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கணவனைப் பற்றி அக்கா மகனிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை என்பதும் உண்மை.

முன்னாள் பிரித்தானியப் படைவீரர் ஒருவரின் தேடலால் வோட்டர்ஸின் தகப்பன் விழுந்த இடம் தெரியவந்தது. 2014இல் அன்சியோவுக்குப் பக்கத்தில், அப்ரீலியாவில் நினைவுக்கல் திறந்தபோது மகன் தன் 70 வயதில் அங்கே போய் நின்றார். மருமகன் அந்தச் செய்தியை அக்காவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, "அப்பா கடைசியாப் போன இடம் எது அம்மா?" என்று கேட்டான்.

அக்கா கனநேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு ஊரின் பெயரைச் சொன்னா, ஒழுங்கையின் பெயரையும் சொன்னா.